ஆற்றில் இறங்கியவள்

தையல் வகுப்பில் இடமில்லாமல் போனதால்தான் செல்வமலர் ஓவியக்காரி ஆனாள். எண்பத்தெட்டாம் ஆண்டு செப்டெம்பரில், ரவிக்கை வெட்டப் பழகலாம் என்ற எண்ணத்தோடு, லண்டன் நோர்பரியில் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த மாலை வகுப்பு நிலையத்துக்குப் போனாள். பதிவு மேசையில் இருந்த பெண் தையல் நிரம்பிவிட்டது என்றாள். கேக் அலங்காரமும் நிரம்பிவிட்டது. எண்ணெய் ஓவியத்தில் மட்டும் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. வந்த காலோடு வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அவள் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு எழும்ப மனம் வரவில்லை. செல்வமலர் கலியாணத்துக்கு முன்பும் பின்பும் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளியவள். அந்த நாவல்களில் ஓவியர்கள் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருப்பார்கள். அடுப்பு மூட்ட விறகு இருக்காது. விரல் விறைத்துப் போயிருக்கும். ஆனாலும் சன்னலால் விழும் சாம்பல் வெளிச்சத்தில் யாரையாவது வரைந்துகொண்டே இருப்பார்கள். அப்படி ஓர் அறை தன் வீட்டிலும் இருக்கிறது என்பது, சாயம் கரைக்கும் டர்பன்டைன் மணம் மூக்கில் ஏறிய அந்த மாலையில்தான் அவளுக்கு நினைவு வந்தது.

வாசற்கதவுக்கு நேர் மேலே இருந்த அறை அது. வீடு முழுக்கச் சூடேற்றும் ரேடியேட்டர் பூட்டியவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள். கட்டில் ஒன்று போட்டால் கதவு திறக்காது. வடக்குப் பார்த்த சன்னல். அரிசிச் சாக்கும், ஒருவரும் பாவிக்காத சூட்கேஸ்களும் அங்கே கிடந்தன. செல்வமலர் அரிசியைப் படிக்கட்டின் கீழே தள்ளினாள், சூட்கேஸ்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு அடுக்கினாள், சன்னலடியில் ஒரு மேசையை வைத்தாள். வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் தேநீர்க் கோப்பையோடு அங்கே ஏறிவிடுவாள். இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளைக் கதவிடுக்கால் பார்த்த கணவன் யோகராஜா, ஐஸ்பெட்டிக்குள் ஆளைப் பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

வகுப்பாசிரியை இசபெல்லுக்குச் செல்வமலரைவிடப் பத்து வயதாவது குறைவு. காதில் பெரிய வளையமும் சப்பாத்தில் பத்து நிறச் சாயமுமாக வருவாள். அவளுடைய முறை ஒன்றுதான்: சொந்தமாக ஒன்றும் வரையக் கூடாது, பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி, கோட்டுக்குக் கோடு, நிறத்துக்கு நிறம் எழுத வேண்டும். முதலில் இன்னொருவருடைய கையால் எழுதப் பழகினால்தான் சொந்தக் கை எது என்று தெரியும் என்பாள். எல்லோருக்கும் ஒரே படத்தின் அச்சுப் பிரதி கொடுத்தாள்.

இத்தாலிப் பக்கத்துப் பழைய படம். தூரத்தில் நீல மலைகள், அதற்கு முன்னால் இடிந்த கோயில் தூண்கள், ஒரு வளைந்த பாலம், பக்கத்தில் மேயும் ஆடுகள், பாலத்தின் கீழே மெல்ல வரும் ஆறு. முன்னால் கரையோரப் பாறையில் ஒரு பெண், வன தேவதையோ வேறெதுவோ, நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மடித்து, மற்றக் காலின் விரல் நுனியை மட்டும் தண்ணீரில் வைத்திருக்கிறாள். இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

அச்சுப் பிரதியில் பென்சிலால் கட்டம் போட்டார்கள். கான்வாஸிலும் அதே அளவுக்குக் கட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை மட்டும் பார்த்து எழுத வேண்டும். பிறகு முழுப் படத்தையும் பழுப்பு நிறத்தில் ஒரு தரம். அது காய்ந்ததும் மேலே நிறங்கள். இசபெல் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: அடியில் பூசும் நிறத்தில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாறிச் செய்தால் படம் வெடிக்கும். சோறு போட்டுப் பிறகு நெய் விடுவது மாதிரி என்று செல்வமலர் மனத்தில் பதித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கதிரையில் பியற்றிஸ். பார்படோஸ் தீவிலிருந்து வந்து தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன்னுடைய ஆடுகள் பன்றி மாதிரி வந்திருப்பதைப் பற்றித் துளியும் கவலைப்படாதவர். செல்வமலர் மலைகளையும் தூண்களையும் முடித்தாள், பாலத்தை இரண்டு தரம் அழித்து முடித்தாள், ஆற்றையும் முடித்தாள். பெண்ணின் பக்கம் மட்டும் போகவில்லை. பாறையின் மேல் பழுப்பு உருவமாகவே அவள் வாரக்கணக்கில் இருந்தாள். அச்சுப் பிரதியில் நீலத் துணி தோளிலிருந்து நன்றாகவே நழுவியிருந்தது. செல்வமலர் பென்சில் கோட்டை மெல்ல மேலே ஏற்றிக் கழுத்துவரை கொண்டுபோனதைப் பியற்றிஸ் கண்டுவிட்டார்.

“உன் ஆளுக்குக் குளிருதாக்கும்” என்றார்.

“லண்டன் ஆறுதானே” என்றாள் செல்வமலர்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் பாலேந்திரா வந்தபோதுதான் சின்ன அறைக்கு ஆபத்து வந்தது. பாலேந்திரா யோகராஜாவின் சித்தப்பா மகன். கணக்கியல் படித்துக்கொண்டு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் நான்கு பெடியன்களோடு ஒரு வீட்டில் இருந்தான். அந்த வீட்டில் வசதிக்குக் குறையில்லை, சமையலுக்குத்தான் பஞ்சம். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை மூன்றாம் தரம் போட்டுக்கொண்டே, தெற்கு லண்டனில் இருந்தால் கல்லூரிக்குப் போய்வர லேசு என்று தொடங்கினான். அவனுடைய கல்லூரி பார்க்கிங்கில் இருந்து நடக்கும் தூரம்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

“மேலை அந்தச் சின்ன அறை சும்மாதானே கிடக்கு, அண்ணை” என்றான்.

“சும்மா கிடக்கேல்லை. நான் கிடக்கிறன்” என்றாள் செல்வமலர்.

யோகராஜா மோர்மிளகாயைக் கடித்தபடி இருபக்கமும் பார்த்தார். அவருக்கு நகரக் கவுன்சிலில் வீடு ஒதுக்கும் பிரிவில் வேலை. ஓர் அறைக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால் என்ன செய்வது என்பது அவருக்குப் பழக்கமான விஷயம். ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் தம்பி அங்கே இருக்கலாம் என்றார். படத்தைச் சமையலறை மேசையில் வைத்துக் கீறலாம்தானே என்றார். சமையலறை மேசையில் கீறினால் சாப்பாட்டை எங்கே வைப்பது என்று செல்வமலர் கேட்டாள். அந்தக் கேள்வி பாலேந்திராவைக்கூட யோசிக்க வைத்தது.

கடைசியில் யோகராஜா தீர்ப்புச் சொன்னார். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு வகுப்புக்காரரின் கண்காட்சி இருக்கிறதல்லவா? அங்கே முன்பின் தெரியாத ஓர் ஆள், உறவும் இல்லாமல் வகுப்பும் இல்லாமல், செல்வமலரின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கிற நேரம் நின்று பார்க்க வேண்டும். பார்த்தால் அறை அவளுக்கு. பார்க்காவிட்டால் தைமாதத்திலிருந்து பாலேந்திராவுக்கு.

“ஒரு மிடறு குடிச்சுப்போட்டுப் போற ஆக்களைக் கணக்கெடுக்க மாட்டன்” என்றார். “கோப்பை வெறுமையாக வேணும்.”

“சூடான தேத்தண்ணியோ ஆறினதோ, அண்ணை?”

“நீ சாப்பிடு.”

செல்வமலர் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், பாறையில் இன்னும் யாரும் வந்து உட்காரவில்லை என்பது உறைத்தது. மலையையும் பாலத்தையும் பார்க்க யார் தேநீரோடு நிற்கப் போகிறார்கள்? அந்தப் பெண்தான் அவர்களை நிறுத்த வேண்டும்.

படங்களைத் திங்கட்கிழமை கையளிக்க வேண்டும் என்றாள் இசபெல். அதற்கு முந்திய ஞாயிறு செல்வமலர் கோயிலுக்கும் போகாமல் விடியவே அறைக்குள் புகுந்துவிட்டாள். தோலின் நிறத்தைக் கலந்து முடித்து, எண்ணெய் விடப் போத்தலைக் கவிழ்த்தால், சாயத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. பாலத்தை இரண்டு தரம் எழுதியதற்கு வந்த தண்டனை. ஞாயிற்றுக்கிழமை, சாயம் விற்கும் கடை மட்டுமல்ல, பெரிய தெருவில் ஒரு கடையும் திறக்காது. பியற்றிஸைக் கேட்கலாம் என்று தொலைபேசி எடுத்தாள். அவர் தேவாலயத்துக்குப் போயிருந்தார்.

கீழே சமையலறையில் எண்ணெய்க்குக் குறைவில்லை. நல்லெண்ணெயைத் திறந்து பார்த்தாள். பொன் நிறம், பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். மரக்கறி எண்ணெயில் நேற்றுப் பொரித்த மீன் மணந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தல் மட்டும், லண்டன் குளிரில் எப்போதும் போல வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. அதைத் தலைக்கு வைக்கிற நாளில் செய்வது போலவே சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் உருகி, ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. நிறமே இல்லை. ஓவியத்துக்கு எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும் என்று இசபெல்லே சொல்லியிருக்கிறாள். இதைவிடத் தெளிவான எண்ணெய் எந்த நாட்டில் கிடைக்கும்?

அன்றைக்குத் தூரிகை தன்பாட்டில் ஓடியது. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும் என்ற விதிப்படி தாராளமாகவே விட்டாள். தோள் வந்தது, மடித்த முழங்கால் வந்தது. நீலத் துணியின் மடிப்புகளை அவள் பார்த்து எழுதவே வேண்டியிருக்கவில்லை. சேலைக் கொசுவத்தை வாழ்நாள் முழுக்க மடித்த கை அது. பின்னேரம் முகத்தை முடித்தாள். அதைவிட அதிசயம், காலையில் பூசிய தோளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தபோது கையில் ஒட்டவில்லை. ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கு ஆகும். இது ஒரு மணித்தியாலத்தில் மெழுகு மாதிரி இறுகி, மினுமினுவென்று நின்றது. ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள் எல்லோரும் ஐந்நூறு வருஷமாகக் கவனிக்காமல் விட்ட ஒன்றை நோர்பரியில் தான் கண்டுபிடித்துவிட்டதாகச் செல்வமலர் நினைத்தாள். அறையில் தன் மூச்சு வெண்புகையாகப் போவதைப் பார்த்தபடிதான் இப்படி நினைத்தாள் என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை படத்தைப் போர்வையில் சுற்றிக் குளிர்காற்றில் நடந்தே கொண்டுபோனாள். வகுப்பு நிலைய மண்டபத்தைச் சூடாக்கும் கொதிகலன் அன்றைக்குப் பழுது. இசபெல் மேல்கோட்டைக் கழற்றாமலே படங்களை வாங்கிக்கொண்டிருந்தாள். செல்வமலரின் படத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள். விரலால் மெல்லத் தொட்டாள். ஒரே நாளில் எப்படிக் காய்ந்தது என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பாவிக்கிற ஓர் எண்ணெய் என்று செல்வமலர் பொதுவாகச் சொல்லிவைத்தாள். கண்டுபிடிப்பை உடனே கொடுத்துவிட அவளுக்கு மனமில்லை. இசபெல்லுக்கும் கேட்க நேரமில்லை; வரிசையில் ஆட்கள் நின்றார்கள். “உனக்கு நடுச்சுவர்” என்று மட்டும் சொன்னாள். நடுச்சுவர் என்றால் வாசலால் வருகிறவர்களின் கண் முதலில் படும் இடம். பியற்றிஸ் செல்வமலரின் முதுகில் தட்டியதில் அவளுடைய தொப்பி கழன்று விழுந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கண்காட்சி. செல்வமலர் வருகிறவர்கள் சாப்பிட ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ் சுற்றிக்கொண்டு போனாள். கொதிகலனைத் திருத்திவிட்டிருந்தார்கள். வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த கட்டடத்தைச் சூடாக்கக் காலையிலிருந்தே முழு வேகத்தில் எரியவிட்டிருந்தார்கள். வாசலில் நுழைந்ததும் கோட்டைக் கழற்றத் தோன்றும் அளவுக்குச் சூடு. நடுச்சுவரின் அடியில், சுவரின் நீளத்துக்கு ஒரு பழங்காலத்து இரும்பு ரேடியேட்டர். அதன் மேலே நேராகச் செல்வமலரின் படம்.

யோகராஜா கோட்டும் டையும் கட்டிப் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கையில் கடிகாரம். பாலேந்திரா ரோல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். செல்வமலர் படத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்ப்பவர்களைப் பார்த்தாள். ஆட்கள் கோப்பைகளோடு வந்தார்கள், போனார்கள். ஒரு கிழவர் படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றபோது அவள் யோகராஜாவின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் ரேடியேட்டரில் திருப்பித் திருப்பிச் சூடு காட்டிவிட்டு, படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார். ஒரு சோடி கொஞ்ச நேரம் நின்று கார் நிறுத்திய இடத்தைப் பற்றிச் சண்டை பிடித்தது. யோகராஜா தூணடியிலிருந்து உதட்டைப் பிதுக்கினார்.

பாலேந்திரா இரண்டாம் ரோலோடு அண்ணியின் பக்கத்தில் வந்தான். மூக்கை மேலே தூக்கி மோந்தான்.

“அண்ணி, ஆரோ தலைக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு வந்திருக்கினம். எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை.”

செல்வமலருக்கும் மணந்தது. அடுத்த கணமே அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்கு முன்பு பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மா, கையில் தேநீரோடு, தன் தோழியிடம் சொல்வது கேட்டது.

“இவள் முதலில் பாறையின் மேல் அல்லவா இருந்தாள்?”

செல்வமலர் திரும்பினாள். மலைகள் தூர நின்ற இடத்தில் நின்றன. தூண்களும் பாலமும் ஆறும், வகுப்பில் ஆளிவிதை எண்ணெயில் எழுதிக் காய்ந்ததெல்லாம், அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதியவள் மட்டும் பாறையிலிருந்து எழும்பாமல், உட்கார்ந்தபடியே, நான்கு விரற்கடை கீழே வந்துவிட்டாள். பாறையில் பழுப்பு நிழல் ஒன்று, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. மடித்த முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கவே இன்னும் கொஞ்சம் இறங்கினாள். நீலத் துணியின் ஓரம் ஒரு சொட்டாகத் திரண்டு, யோசித்து, ரேடியேட்டரில் விழுந்தது.

பச்சைத் தொப்பி அம்மா கோப்பையை வாயில் வைத்தபடி நின்றார். தோழி நின்றார். அவர்கள் நிற்பதைப் பார்த்து மூன்றாவது ஆள் வந்தார். ரேடியேட்டர்க் கிழவர் கூடத் திரும்பி வந்தார். செல்வமலருக்கு முகம் எரிந்தது. குனிந்து ரேடியேட்டரின் திருகைப் பிடித்து முறுக்கினாள். முப்பது வருஷத்துப் பெயின்ற் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அறை போய்விட்டது என்று நினைத்தாள். சன்னல், மேசை, சாம்பல் வெளிச்சம், எல்லாம் போய்விட்டது. தைமாதத்திலிருந்து அங்கே பாலேந்திராவின் காலுறைகள் காயும்.

அப்போது தூணடியிலிருந்து யோகராஜா ஓடி வந்தார். கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஒருவரிடமும் கேட்காமல் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, விருந்துத் தட்டம் ஏந்துவது போல, இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்தார்.

“சரிச்சா இன்னும் போயிடுவா” என்றார், மூச்சு வாங்க. “என்ன செய்யவேணும் எண்டு கெதியாச் சொல்லு.”

இசபெல்லும் ஓடி வந்தாள். துணியின் ஓரத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். என்ன எண்ணெய் என்று கேட்டாள். செல்வமலர் உண்மையைச் சொன்னாள். தேங்காயெண்ணெய், தலைக்கு வைப்பது, தாளிக்கவும் விடுவது. இசபெல்லுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. காது வளையங்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து தோலாகிவிடும். தேங்காயெண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது. குளிரில் உறையும், சூட்டில் உருகும், அவ்வளவுதான். அது காய்ந்தது என்று தானும் ஏமாந்துவிட்டதாகச் சொன்னாள். பெண்ணை முழுக்க வழித்தெடுத்துவிட்டுத் தைமாதத்தில் திரும்ப எழுதலாம், பின்னணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அன்பாகத்தான் சொன்னாள்.

செல்வமலர் யோகராஜாவின் கைகளில் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். அச்சுப் பிரதியிலிருந்த பெண் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். இவள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது. இறங்கும்போது வாயின் ஓரம் கொஞ்சம் இழுபட்டு, சிரிப்பு வரப்போகிற முகமாகியிருந்தது. அந்தச் சிரிப்பை எழுது என்று சொல்லியிருந்தால் செல்வமலரால் எழுதியிருக்க முடியாது.

“வழிக்க வேண்டாம்” என்றாள். “ஒரு தூரிகை தா. ஒரு பழந்துணியும்.”

இசபெல் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கொட்டினாள். பியற்றிஸ் தன் கழுத்துச் சால்வையையே துணியாகக் கொடுத்தார். செல்வமலர் தண்ணீருக்குள் போன முழங்காலைத் துடைத்தெடுத்தாள். காலும் விரல்களும் போயின. இடுப்பைச் சுற்றி ஆற்றின் நிறத்தை இழுத்துவிட்டு வட்டம் வட்டமாக அலை போட்டாள். நழுவிய நீலத் துணியைப் பிடித்து இழுத்துவைக்கப் போனவள், வேண்டாம் என்று விட்டுவிட்டு, அதைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டாள். துணி அசைவது போலிருந்தது. அச்சுப் பிரதியைப் பார்க்கவில்லை; அதில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

“அசையாதேங்கோ.”

“அசையேல்லை.”

“மூச்சு விடுறியள். அலை அடிக்குது.”

யோகராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டார். கலியாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை ஓடியது, துடைக்கக் கையில்லை. பாலேந்திரா ரோல்ஸ் சுற்றி வந்த கடதாசியால் ஒற்றிவிட்டான். அதிலும் எண்ணெய்.

சுற்றிலும் ஆட்கள் வளையம் கட்டியிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் கதிரையில் ஏறி நின்றார்கள். அவள் கடைசித் தடவலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பச்சைத் தொப்பி அம்மாதான் முதலில் கை தட்டினார். அவருடைய கோப்பை எப்போதோ வெறுமையாகிவிட்டிருந்தது.

நகலாகப் பார்த்தால் இதற்கு மதிப்பெண் போட முடியாது, மூலத்தில் இருந்த முக்கியமான ஆளே இடம் மாறிவிட்டாள் என்று இசபெல் சொன்னாள். தைமாதம் வரும்போது அச்சுப் பிரதி தரமாட்டேன் என்றும் சொன்னாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று செல்வமலருக்குத் தெரியவில்லை. பியற்றிஸ்தான், அது பாராட்டு என்று காதோடு சொல்லி வைத்தார்.

வெளியே நல்ல குளிர். படத்தை மட்டமாகப் பிடித்தபடி யோகராஜா முன்னால் நடக்க, தலையில் சாமி ஏற்றிக்கொண்டு போகிற ஊர்வலம் மாதிரி மூவரும் வீட்டுக்குப் போனார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பாதி வழியில் செல்வமலர் நின்றாள்.

“இஞ்சாருங்கோ. அந்தத் தொப்பி அம்மாவின்ரை கோப்பையைக் கணக்கெடுக்க வேண்டாம். இவ வழுக்கி விழுந்தபடியால்தானே எல்லாரும் நிண்டு பாத்தவை. படத்துக்காக நிக்கேல்லை.”

யோகராஜா கொஞ்சத் தூரம் நடந்தார். தெருவிளக்கடியில் நின்று படத்தைப் பார்த்தார். குளிர் பட்டுச் சாயம் திரும்ப இறுகிக்கொண்டிருந்தது.

“நான் மணிக்கூடு பாக்கேல்லை” என்றார். “கையில இவ இருந்தா. அதால அந்தப் பந்தயத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது.”

“அப்ப அறை?” என்றான் பாலேந்திரா.

“அதைத்தான் யோசிக்கிறன். இவவுக்குச் சூடு ஆகாது எண்டு அந்த ரீச்சர் பிள்ளை சொன்னதைக் கேட்டனிதானே. எங்கட வீட்டிலை ஹீட்டர் இல்லாத அறை ஒண்டுதான் இருக்கு. நீ வந்தால் ஹீட்டர் போடவேணும். ஹீட்டர் போட்டால் இவ ஆத்தோடை போயிடுவா.”

“ஹீட்டர் போடாமல் நான் படுக்கிறது?”

“விறைச்சுச் செத்தால் சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?”

பாலேந்திரா யோசித்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு சனிக்கிழமைச் சாப்பாட்டையும் சேர்த்துத் தந்தால் பார்க்கிங்கிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னான். செல்வமலர் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கடையில் கத்தரிக்காய் இருந்தால் அவனே வாங்கி வர வேண்டும் என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை.

அன்றிரவு படத்தைச் சின்ன அறையில் சன்னலுக்குக் கீழே மேசையில் படுக்கவைத்தார்கள். ஆனி, ஆடி வந்தால் என்ன செய்வது என்று செல்வமலர் கேட்டதற்கு, ஐஸ்பெட்டியில் இடம் பண்ணலாம் என்றார் யோகராஜா. அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

தைமாதத்தில் ஒரு பின்னேரம் அவள் புதிய கான்வாஸ் ஒன்றைச் சன்னலடியில் நிறுத்தினாள். பக்கத்தில் கழுத்துவரை நிரம்பிய ஆளிவிதை எண்ணெய். கட்டம் போடப் பென்சிலை எடுத்தவள், எதைப் பார்த்துக் கட்டம் போடுவது என்று நினைத்துப் பென்சிலைக் கீழே வைத்தாள். தெருவில் யாரோ குடையோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவள் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து யோகராஜா கூப்பிட்டார்.

“மலர், கதவைச் சாத்திப்போட்டு இரு. சூடு உள்ளுக்கை வருது.”